ஒற்றைப் பனையைத் தாண்டாத சனிக்கிழமை

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். எண்பத்து மூன்றாம் வருடம், மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், எருமப்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்: "செங்கோடன் வரமாட்டான். எழுதி வெச்சுக்கங்க." யாரும் எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தால் இன்றைக்கு என் மரியாதையே வேறு. மழை வருவதையும், முட்டை விலை விழுவதையும், மாமன் மகள் கடைசியில் யாரைக் கட்டுவாள் என்பதையும் முன்னால் சொன்னவன் நான். படிப்பு எட்டாவதுதான். ஆனால் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் பி.ஏ. படித்தவர்களே வந்து என்னிடம் சந்தேகம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

போன தடவை கொல்லிமலையின் எழுபது வளைவுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்: "நாமகிரிப்பேட்டைப் பக்கம் சனிக்கிழமைக்காரர்கள் ஊர் என்று ஒன்று இருக்கிறதாமே, யூத வேதத்தைப் பின்பற்றுகிறவர்களாமே, எப்படிப் போவது, என்ன பார்ப்பது?" சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் என் கூடப் பிறந்த அண்ணன். நான் முதலில் அங்கே போனது அந்த வியாழனுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்தப் பயணத்தைச் சொன்னால் வழியும் தெரிந்துவிடும், அவர்கள் நம்பிக்கையும் தெரிந்துவிடும். இன்னொன்று, என் தங்கை பாப்பாத்திக்குக் கண் சரியில்லை. நான் எழுதுவதையெல்லாம் அவள் பேத்திதான் போனில் வாசித்துக் காட்டுகிறாள். அதனால் தங்கையைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதியாக வேண்டும்.

அண்ணன் பெயர் செங்கோடன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். லாரி டிரைவர். ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். எழுபத்தாறில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாமகிரிப்பேட்டை தாண்டி ஒரு மண் பாதையில் மரவள்ளிக் கிழங்கு லோடு எடுக்கப் போனபோது பின் அச்சு முறிந்து வண்டி ஓடையில் சரிந்துவிட்டது. பக்கத்தில் முப்பது வீடு இருக்கிற ஒரு சின்ன ஊர். ஒத்தப்பனைக்காடு என்று பெயர். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர்கள் காயத்துக்குத் துணி கட்டினார்கள், சோறு போட்டார்கள், பாய் கொடுத்தார்கள். ஆனால் வண்டியில் கை வைக்கவில்லை. "நாளைக்குப் பொழுது எறங்கட்டுங்க" என்றார்களாம். அண்ணன் அவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். திட்டத் திட்ட இன்னொரு கரண்டி சோறு வைத்தார்களாம். மறுநாள் பொழுது இறங்கி இருட்டு கட்டியதும் நாற்பது ஆண்கள் வடத்தோடும் கம்போடும் வந்து, கிழங்கு மூட்டையை இறக்கி, வண்டியைத் தூக்கி மேட்டில் நிறுத்தி, மறுபடி மூட்டையையும் ஏற்றிக் கொடுத்தார்கள். கூலி வாங்கவில்லை.

"சொன்ன நேரத்துக்கு வரமாட்டேன்னாங்க, வரல. சொன்ன நேரத்துக்கு வாரேன்னாங்க, வந்தாங்க. நான் ரோட்டுல பத்து வருசமா ஓடறேன், இப்படி ஒரு சனத்த பாத்ததில்ல" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். ஆறே மாதத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். சனிக்கிழமை ஓட்டமாட்டேன் என்கிற டிரைவருக்கு எந்த முதலாளி வண்டி கொடுப்பான்? அங்கேயே மஞ்சள் காட்டில் வேலைக்குப் போய், அங்கேயே அவர்களுக்குள் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

எங்கள் அய்யன், அதாவது அப்பா, அன்றைக்கே அறிவித்துவிட்டார்: "மூத்தவன் அச்சு முறிஞ்சப்பவே செத்துட்டான்." ஏழு வருடம் அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் வருடத்துக்கு இரண்டு தபால் கார்டு போடுவார். அதில் ஒன்றில் எழுதியிருந்தார்: எப்போது கூப்பிட்டாலும் வருவேன், வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும் வரை மட்டும் ஊர் எல்லை தாண்டமாட்டேன் என்று. அந்தக் கார்டை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவன் நான்தான்.

எண்பத்து மூன்றில் அய்யன் படுக்கையில் விழுந்தார். இரண்டு மாதம். குளிப்பாட்டியது, துணி மாற்றியது, கஞ்சி ஊட்டியது எல்லாம் நான். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்துக்கொண்டே, "செங்கோடன வரச் சொல்லு" என்றார். அதன் பிறகு வேறு பேச்சே இல்லை. வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்று விரலைக் காட்டினார்.

அப்போதுதான் வாசலில் நின்று அந்த முன்னறிவிப்பைச் சொன்னேன். பாப்பாத்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நீ சோசியம் சொன்னது போதும். நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சுப் போ. பொழுது எறங்கறதுக்குள்ள போனீன்னாத்தான் அவரு வருவாரு. எறங்கிப் போச்சுன்னா எறங்கிப் போச்சு."

"போறேன் பாப்பாத்தி. ஆனா வரமாட்டான், பாரு."

"நீ போ. வாரதும் வராததும் அவரு பாடு."

இனிப் பயண விவரம். குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை விடிகாலை கிளம்பலாம் என்றுதான் இருந்தேன். அய்யனுக்குக் கஞ்சி கொடுத்து, துணி மாற்றி வெளியே வரப் பதினொரு மணி ஆகிவிட்டது. எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் ஒரு ரூபாய் இருபது பைசா. பதினொன்றே முக்காலுக்கு நாமக்கல். மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே ஒரு டீ, ஐம்பது பைசா. பன்னிரண்டே காலுக்கு ராசிபுரம் பஸ். இரண்டு ரூபாய் பத்து பைசா. கடைசி சீட், ஜன்னல் ஓரம்.

புதன்சந்தை தாண்டியதும் பின்சக்கரம் டமார் என்றது. பஞ்சர். சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்று பார்த்தால் ஸ்டெப்னியிலும் காற்றில்லை. டிரைவர் கையைப் பிசைகிறார். நான் இறங்கி, ஜாக்கியை வாங்கி, நட்டு எட்டையும் ஒரே மூச்சில் கழற்றிக் கொடுத்தேன். "அண்ணா, நீங்க எந்தக் கம்பெனியில ஓட்டறீங்க?" என்று டிரைவர் கேட்டார். கண்டக்டர் சக்கரத்தை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஒட்டுப் போடப் போனார். வெயில் என்றால் அப்படி வெயில். கூடையில் கோழிக்குஞ்சு கொண்டுவந்த ஒரு அம்மாளின் குஞ்சு ஒன்று தப்பித்துக் கிழங்குக் காட்டுக்குள் ஓட, நான்தான் துரத்திப் பிடித்துக் கொடுத்தேன். கண்டக்டர் வந்து, சக்கரம் மாட்டி, வண்டி கிளம்பும்போது மணி நாலு இருபது.

ராசிபுரத்தில் இறங்கியதும் ஓடிப்போய் ஆத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். நாமகிரிப்பேட்டைக்கு எண்பது பைசா. ஐந்தரைக்கு இறங்கினேன். அங்கிருந்து ஒற்றைப் பனை வரை நான்கு கிலோமீட்டர், மண் பாதை. அந்தக் காலத்தில் நடைதான். நடை என்ன நடை, ஓட்டம். மாசி மாதம் மஞ்சள் வெட்டி வேகவைக்கிற காலம். வழியெல்லாம் காட்டோரம் பெரிய பெரிய கொப்பரையில் மஞ்சள் வெந்துகொண்டிருக்கும். அந்தப் புகையும் ஆவியும் சேர்ந்த மண்வாசம் மூக்கில் ஏறினால் இறங்காது. முதல் தடவை போகிறவர்கள் நின்று பாருங்கள். எனக்கு அன்றைக்கு நிற்க நேரமில்லை.

ஒற்றைப் பனைதான் அந்த ஊருக்கு அடையாளம். நட்ட நடுக் காட்டில் தனியாக நிற்கும். அங்கிருந்து வீடுகள் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான் பனைக்கு வந்து சேரவும், ஊருக்குள்ளிருந்து டங், டங், டங் என்று மூன்று அடி கேட்டது. ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை பொழுது தொடுவானத்தில் மறைந்ததும் அதை அடிப்பார்கள். அவ்வளவுதான். நாள் மாறிவிட்டது. அவர்களுக்கு நாள் என்பது சாயங்காலத்தில் தொடங்கி சாயங்காலத்தில் முடிவது. நான் சொன்னேனே, வரமாட்டான் என்று.

அண்ணன் வீடு மூன்றாவது சந்தில். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் நின்றிருந்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். மீசையை எடுத்திருக்கவில்லை, ஆனால் தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"அய்யனா?"

"ஆமாண்ணா. உன்னயத்தான் கேக்கறாரு."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தீன்னா…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"பஸ்ஸு பஞ்சருண்ணா. புதன்சந்தைகிட்ட. மூன்றரை மணி நேரம்."

அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். பிடித்தபடியே என் தோளில் மூக்கை வைத்து இழுத்தார்.

"என்ன தம்பி, மேலெல்லாம் மஞ்ச வேகற வாசம்?"

"மஞ்ச மூட்டை ஏத்துன பஸ்ஸுண்ணா."

"சரி சாமி" என்றார். என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை, "சரி சாமி. உள்ள வா, சாப்பிடு."

சாப்பாடு முன்கூட்டியே ஆக்கி மூடி வைத்தது. பொழுது இறங்கிய பிறகு அடுப்பு பற்ற வைப்பதில்லை. சோறும், பச்சைப்பயிறு கடைசலும், முருங்கைக்கீரையும். அண்ணி பரிமாறினார். அண்ணன் சாப்பிடவில்லை. எழுந்து தானியேலைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன்.

தானியேல் அந்தச் சபையை நடத்துகிறவர். பெரிய சாமியார் மாதிரி இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனால், என் வயசுக்காரர். நாமகிரிப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் போகவே இல்லை. அண்ணன் விஷயத்தைச் சொன்னார். தானியேல் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை, வசனம் ஒன்றும் சொல்லவில்லை.

"செங்கோடா, பனை எங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியும். தாண்டுனா ஒருத்தரும் உன்னக் கையப் புடிக்க மாட்டோம். திரும்பி வந்தா கதவையும் சாத்த மாட்டோம். ஆனா நீ வாக்குக் குடுத்தது எங்களுக்கு இல்ல."

"தெரியுமுங்க."

"அய்யன் தாங்குவாரா?" என்று தானியேல் என்னைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். அதற்கு மட்டும், "தெரியலீங்க" என்றேன்.

அண்ணன் தானியேல் பக்கம் திரும்பினார். "வண்டி கவுந்த அன்னைக்கு என் லோடு அழுகிப் போகுமுன்னு கத்துனேன். அன்னைக்கு நீங்க எனக்காக நாளை மாத்தியிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன். இப்ப எனக்காக நானே மாத்துனா…" முடிக்கவில்லை. "நாளைக்குப் பொழுது எறங்குனதும் கெளம்பறேனுங்க" என்றார்.

நான் தனியாகத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. கூட்டிவர வந்தவன் வெறுங்கையோடு எப்படிப் போவது?

இப்போது அவர்கள் நம்பிக்கை என்ன என்பதைச் சொல்கிறேன். ஒரே நாளில் நான் முழுவதும் கற்றுக்கொண்டேன். எபிரேய மொழியும் கொஞ்சம் வந்துவிட்டது: ஷாலோம் என்றால் வணக்கம், ஆமென் என்றால் ஆமாங்க. மிச்சமெல்லாம் தமிழ்தான். கோலாருக்குக் கொத்து வேலைக்குப் போன ஒருவர் பழைய வேதப் புத்தகம் ஒன்றோடு திரும்பி வந்து, தனியாக உட்கார்ந்து படித்து, இதில் எழுதியிருப்பதை யாரும் செய்யவில்லையே என்று கேட்டதில் தொடங்கிய கூட்டம் இது. வெள்ளைக்காரர் யாரும் வந்து ஆரம்பிக்கவில்லை.

கடவுள் ஒருவர். அவருக்கு உருவம் இல்லை. சுவரில் ஒரு படம் கிடையாது, செத்தவர் போட்டோகூட மாட்டுவதில்லை. அவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள், "இருக்கிறவர்" என்பார்கள். மேசியா வந்தார் என்று நம்புகிறார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கோயில் இல்லை. பன்றி தின்னமாட்டார்கள். மீனில் செதில் இருக்க வேண்டும். கெளுத்தியும் விலாங்கும் ஆகாது. ஆடு அறுத்தால் ரத்தத்தை மண்ணில் ஊற்றி மேலே மண் போட்டு மூடிவிடுவார்கள். நம் பக்கம் ரத்தப் பொரியலுக்கு அடித்துக்கொள்கிற ஆட்களுக்கு இது கஷ்டம்தான். பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி ஏழு நாள் புளிக்காத ரொட்டி. முதல் நாள் இரவு அதோடு வேப்பங்கொழுந்து, அடிமைப்பட்டுக் கிடந்த கசப்பு மறக்கக்கூடாது என்று. காட்டில் அறுவடை செய்தால் நாலு மூலையையும் விட்டுவிட வேண்டும், இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. நான் போனபோது வெட்டின மஞ்சள் காட்டில் மூலைக்கு மூலை பச்சை நின்றதை என் கண்ணால் பார்த்தேன். செத்தவர் எங்கும் போவதில்லை, மண்ணில் தூங்குகிறார்; ஒரு நாள் எழுப்பப்படுவார். அதனால் திதி இல்லை, படையல் இல்லை.

எல்லாவற்றுக்கும் நடுவில் ஏழாம் நாள். அன்று வேலை இல்லை, அடுப்பு இல்லை, வாங்கல் விற்றல் இல்லை, பயணம் இல்லை. அவனவன் தன் இடத்தில் இருக்க வேண்டும். தன் இடம் என்றால் எவ்வளவு? இரண்டாயிரம் முழம். அந்தக் கொத்தனார் தன் கையாலேயே முழம் போட்டு அளந்து கொண்டுபோய் முடித்த இடத்தில் இந்தப் பனை நின்றதாம். நான் காலால் அளந்தேன், ஆயிரத்து இருநூறு எட்டு. பெரிய எட்டு.

சனிக்கிழமை காலை கீற்றுக் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்து வாசித்தார்கள். பாட்டு, வாசிப்பு, சும்மா இருத்தல். சும்மா இருத்தல் என்றால் உண்மையாகவே சும்மா. அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மாள் தானியேலை மறித்தாள்.

"ஏனுங்க, என்ற கோழிய பக்கத்து ஊட்டுக்காரிதான் புடிச்சுத் தின்னுருக்கா. அவ ஊட்டுப் பொறத்தால றெக்கை கெடக்குது."

"இன்னைக்கு வழக்கு இல்லீங்கம்மா. நாளைக்கு வாங்க. வரும்போது ரெண்டாவது சாட்சிய கூட்டிட்டு வாங்க."

"ரெண்டாவது சாட்சிக்கு எங்க போவேன்? என்ற கோழியே சாட்சிங்க."

"அது வந்து பேசுனா கேட்டுக்கலாமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்துவிட்டாள். நான் அண்ணனிடம் கேட்டேன், றெக்கை கிடக்கிறதே, அது போதாதா என்று. "போதாது தம்பி. ஒரு சாட்சிய வெச்சு ஒருத்தர் மேல குத்தம் சொல்லக்கூடாது. மனசுல தோணலாம். வாய்ல வரக்கூடாது. எங்களுக்கு அது ஓய்வுநாள் மாதிரியே பெரிய கட்டளை" என்றார்.

மத்தியானம் அண்ணன் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பனைக்கு நடந்தார். பனைக்கு நிழல் கிடையாது, தெரியும்தானே. அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, தெற்கே பார்த்து நின்றார். தெற்கே எருமப்பட்டி. நடுவில் மலை மறைக்கும், ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்த்தார். நான் குடையைப் பிடித்தேன், வேண்டாம் என்றார். வழியில் மஞ்சள் வேகவைக்கிற கூலிக்காரர்கள் டீ குடிக்கப் போகும்போது எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அதில் ஒருவர் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏண்ணா, இன்னும் ஒரே ஒரு எட்டு. யாரும் பாக்கல" என்றேன்.

"நீ பாக்கறியே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அய்யன் என்னயப் பத்தி வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான். வரச் சொல்லுன்னாரு."

"உன்னய என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

அவர் கை என் தலையில் வந்து நின்றது. எனக்கு அப்போது முப்பது வயது. சின்னப் பிள்ளைக்கு வைப்பது மாதிரி வைத்தார். மூன்று மணியிலிருந்து ஆறரை வரை அவர் உட்காரவில்லை. ஊருக்குள் தண்டவாளம் அடித்த சத்தம் காதில் விழுந்ததும் பனையைத் தாண்டி ஒரு எட்டு வைத்தார். அப்புறம் ஓடத் தொடங்கினார். லாரி டிரைவராக இருந்த உடம்பு, என்னால் பின்னால் ஓட முடியவில்லை.

நாமகிரிப்பேட்டையில் ஒரு செங்கல் லாரி, ராசிபுரத்தில் ஒரு பஸ், நாமக்கல்லில் நாற்பது ரூபாய்க்கு ஒரு டாக்சி. நடுராத்திரி தாண்டிப் போய் இறங்கியபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அய்யன் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை எடுத்தோம். அண்ணன் சடங்கு எதிலும் கை வைக்கவில்லை. வாய்க்கரிசி போடவில்லை, கொள்ளிக் குடமும் எடுக்கவில்லை. கொள்ளி நான் வைத்தேன். ஆனால் பாடையின் முன்பக்கத் தோள் கடைசி வரை அவருடையது, ஒருவருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. எங்கள் தாய்மாமன் சுடுகாட்டிலேயே ஆரம்பித்தார்.

"சனிக்கெழம சாமி ஞாயித்துக்கெழம வந்துட்டாரு, பாருங்க. அப்பன் உசுரு காத்துக்கிட்டு இருக்கோணுமா உங்க சாமிக்கு?"

அண்ணன் தோள் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறயேன் செங்கோடா. எதுக்கு வரல? சொல்லு."

"ஆமாங்க மாமா. நேரத்துக்கு வரல" என்றார் அண்ணன். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவே இல்லை. வீடு திரும்பியதும் பாப்பாத்தி எல்லோருக்கும் முன்னால் அவர் கொண்டுவந்த பையைத் தூக்கி வாசலில் எறிந்தாள். "பொழுது எறங்கறதுக்குள்ளதான் சின்னண்ணன் வந்திருக்கும், பஞ்சராகாம இருந்தா. ஆனா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதா உனக்கு?" என்றாள். அன்றிலிருந்து முப்பத்தேழு வருடம் அவள் அவரோடு பேசவில்லை. வீட்டில் ஒரு கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. நான் சொன்னது பலித்துவிட்டது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பெரிய பேர்.

அண்ணன் எழுபத்தொரு வயதில் இறந்தார். ஒத்தப்பனைக்காட்டில் புதைத்தார்கள். பாப்பாத்தி வரவில்லை, நான் மட்டும் போனேன். எல்லாம் முடிந்த பிறகு அண்ணி சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உங்க ஊட்டுல இத்தன பேசுனாங்களே, நீங்க ஒரு வார்த்த பதில் சொல்லக்கூடாதான்னு பல தடவ கேட்டேனுங்க. ஒரே பதிலுதான். 'எங்கிட்ட ஒரு சாட்சிதான் இருக்குது. ஒரு சாட்சிய வெச்சுப் பேசக்கூடாது'ம்பாரு. என்ன சாட்சின்னு கடைசி வரைக்கும் சொல்லலீங்க. உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். இப்போது ஊர் வரை தார் ரோடு, நாமகிரிப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். தங்க ராசிபுரம்தான் வசதி. பீடி, சிகரெட் பனைக்கு வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்குள் போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். கோபப்பட மாட்டார்கள், ஆனால் எழுந்து போய்விடுவார்கள். மாசி மாதம் போனால் மஞ்சள் வேகவைப்பதைப் பார்க்கலாம். சும்மா உட்காருகிற அந்த அரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். வாழ்நாள் பூராவும் பேசிக்கொண்டே இருந்த என் மாதிரி ஆளுக்கு அது பெரிய தண்டனை, பெரிய மருந்தும்கூட.

முக்கியமாக, வெள்ளிக்கிழமை போனால் பொழுது இறங்குவதற்குள் போய்விடுங்கள். அது ஒன்றும் கஷ்டமில்லை. அந்தக் காலத்து பஸ்ஸிலேயே, நாமக்கல்லில் பன்னிரண்டே காலுக்கு ஏறினால் ஒன்று பத்துக்கு ராசிபுரம், இரண்டு மணிக்குள் நாமகிரிப்பேட்டை, மெதுவாக நடந்தாலும் மூன்று மணிக்கு ஒற்றைப் பனை.

அன்றைக்கு நானும் மூன்று மணிக்கே போய்விட்டேன்.

பஸ் பஞ்சர் ஆகவில்லை. ஜாக்கி இல்லை, கோழிக்குஞ்சும் இல்லை. பனைக்கு நேர் எதிரே மஞ்சள் வேகவைக்கிற கொப்பரைப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். நான்கு கூலிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கதை சொன்னேன், லாரிக் கதை, மலைக் கதை. சொல்லிக்கொண்டே பொழுதைப் பார்த்தேன். மூன்றரை மணி நேரம். தண்டவாளம் மூன்று தடவை அடித்து ஓய்ந்த பிறகுதான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனேன். வரமாட்டான் என்று சொல்லியிருந்தேன், அது பொய்யாகக்கூடாது. அது மட்டுமில்லை. இரண்டு மாதம் கஞ்சி ஊட்டியவன் நான். அய்யன் கேட்டது அவனை.

அண்ணனிடம் இருந்த ஒரு சாட்சி, என் சட்டையிலிருந்த வாசம். வழியில் ஓடி வந்தவன் மேல் அப்படி ஏறாது, கொப்பரைப் பக்கம் மணிக்கணக்காக உட்கார்ந்தவன் மேல்தான் ஏறும். இரண்டாவது சாட்சியாக இதை எழுதியிருக்கிறேன்.

பாப்பாத்திக்கு இதை வாசித்துக் காட்டுகிற பேத்திக்கு: இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதே. மெதுவாக வாசி, கண்ணு.